ஸ்டிக்கர் இல்லாத டிஸ்க்

15-10-1987, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வகுப்பில் கம்ப்யூட்டரைக் கிளப்பும் டாஸ் டிஸ்க்கைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து, அதன் ஓர வெட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டேன். மில்லில் இருக்கும் பெரிய டிஸ்க்குகளில் அந்த வெட்டு திறந்திருந்தால் எதையும் எழுத முடியாது. ஸ்டிக்கர் ஒட்டினால்தான் எழுதலாம். வகுப்பில் உள்ள சின்ன டிஸ்க்குகளில் எல்லாம் நேர்மாறு. ஒட்டினால் பூட்டு, உரித்தால் திறப்பு. ஒன்றும் கெடவில்லை. உடனே புது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். ஆனால் தங்கமுத்து பார்த்துவிட்டார்.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று வசந்தாமணி யோசித்தாள். தவறைப் பற்றிய குறிப்பில் தங்கமுத்துவுக்கு என்ன வேலை? ஆனாலும் அடிக்கவில்லை. ஒரு மாதமாகவே அவளுடைய டைரியில் எந்தக் குறிப்பை எழுதினாலும் கடைசியில் அந்த ஆள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

பகலில் அவளுக்குச் சேலத்து நூல் மில் ஒன்றில் வேலை. டேட்டா என்ட்ரி அறையில் பஞ்சு மூட்டைகளின் எண்களைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாலையில் ஊருக்குள் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பு. தீபாவளி முடிந்ததும் அங்கே காலை வகுப்பும் தொடங்கப் போகிறார்கள். அதற்குப் பாடம் எடுக்க மாலை வகுப்பிலிருந்தே ஒருவரை வைத்துக்கொள்வதாக வகுப்பாசிரியர் ராசப்பன் சார் சொல்லியிருந்தார். சனிக்கிழமை சென்டரின் முதலாளி வந்து வசந்தாமணி எழுதிய புரோகிராமையும் கூடப் படிக்கும் தங்கமுத்து எழுதியதையும் ஓட்டிப் பார்ப்பார். ஓடுவதைப் பார்த்து ஆளை முடிவு செய்வார். மூட்டை எண்களை விட்டுவிட்டு, சாக்பீஸும் கையுமாகப் பலகை பக்கம் நிற்கும் தன்னை வசந்தாமணி பலமுறை நினைத்துப் பார்த்திருந்தாள்.

அவளுடையது வருகைப் பதிவு புரோகிராம். ஒரு பிழை கிடையாது. ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் "நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். தங்கமுத்துவினுடையது பரமத்தி வேலூர் பஸ் புரோகிராம். ஊர்ப் பேரைத் தட்டினால் அடுத்த பஸ் எப்போது என்று சொல்லும். சொல்வதற்கு முன் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு பஸ் ஊர்ந்துபோய், வளைந்து, "பீப் பீப்" என்று ஹாரன் அடிக்கும். அதைப் பார்த்தவர்கள் எழுந்து போகவில்லை. "இன்னொருக்கா ஓட்டுங்க" என்று கேட்டார்கள். சாரே இரண்டு முறை கேட்டார்.

அந்த பஸ் எப்படி வளைகிறது என்று கண்டுபிடிக்காமல் வசந்தாமணிக்குச் சோறு இறங்கவில்லை. தங்கமுத்து தட்டும்போதெல்லாம் அடுத்த நாற்காலியில் தன் வேலையைச் செய்வதுபோல் உட்கார்ந்து அவர் திரையைப் படித்தாள். நாளாக ஆக அந்த வரிகள், விரும்பாமலே காதில் விழுந்த சினிமாப் பாட்டுப்போல, வரிசையாக மனதில் நின்றுவிட்டன.

வெள்ளிக்கிழமை வகுப்பின் கடைசி அரை மணி நேரம் "ஏன் இப்படி?" என்று ஒரு விவாதம் நடக்கும். சார் ஏதாவது ஒன்றைப் பிடித்து, இதை ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்பார். கேப்ஸ் லாக்கை எதற்குக் கைபடும் இடத்தில் வைத்தான்? ஹார்டு டிஸ்க்குக்கு ஏன் 'சி' என்று மூன்றாவது எழுத்து? இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச வேண்டும். அன்றைக்கு சார் கேட்டது ஸ்டிக்கரைப் பற்றி. "டிஸ்க்குப் பொறக்கறப்பவே பூட்டிக் கெடக்கோணுமா, தொறந்து கெடக்கோணுமா? சொல்லுங்க சாமி."

"பூட்டித்தானுங்க சார் கெடக்கோணும்" என்றாள் வசந்தாமணி. "எழுதறதுக்குத்தான் ஸ்டிக்கர் ஒட்டோணும். எங்க மில்லுல பெரிய டிஸ்க்கு அப்படித்தான். மறந்துட்டாலும் ஒண்ணும் அழியாது. மனுசன் மறப்பான்னு நெனச்சுச் செஞ்சிருக்காங்க."

"மறந்து போயித்தானுங்க நேத்து ஸ்டிக்கரை உரிச்சீங்க?" என்றார் தங்கமுத்து.

வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் இருந்த மணியன் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

தங்கமுத்து எழுந்துகொண்டார். "மில்லுல சங்கு ஊதுனாத்தான் உள்ள, சங்கு ஊதுனாத்தான் வெளிய. அம்மிணிக்கு எல்லாத்துக்கும் உத்தரவு வேணும். நம்ம ஊட்டுக்குள்ள நாம போறப்ப, நீ யாரு, எந்தூருன்னு கதவு கேட்டா, அது ஊடுங்களா ஜெயிலுங்களா? டாஸைப் பாருங்க. ஒரு ஃபைலை அழின்னா அழிக்குது. எதுக்குன்னு கேக்கறதில்ல. மெஷினு நம்மள நம்புது சார். நாமதான் மெஷினை நம்பறதில்ல."

"ஒரு ஃபைலுக்குக் கேக்காது. மொத்தத்தையும் அழின்னா நெசமாவான்னு கேக்குதுங்களே? அப்ப அதுக்கும் பயம் இருக்குதுதானே?" என்றாள் வசந்தாமணி. நல்ல கேள்விதான். ஆனால் அவள் குரல் எழும்பவில்லை. மணியன் மில் சங்குபோல வாயால் ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பயந்தவனுக்கு ஸ்டிக்கர்" என்றார் தங்கமுத்து. சட்டைப் பையிலிருந்து தன் பஸ் டிஸ்க்கை எடுத்து, எல்லாரும் பார்க்க அதன் ஸ்டிக்கரை உரித்து, மணியன் நெற்றியில் பொட்டாக ஒட்டினார். இந்த முறை சாரும் சிரித்தார்.

"சேரி சேரி. முதலாளிக்குக் குடுக்க ஒரு காப்பி எடுத்துருங்க தங்கமுத்து. அம்மிணி நேத்தே குடுத்துட்டாங்க."

வகுப்பு மெஷினில் டிஸ்க் போட ஒரே வாய்தான். காப்பி எடுக்க வேண்டுமானால் முதலில் மூல டிஸ்க்கைப் போட வேண்டும். மெஷின் அதை முழுதாகப் படித்துக்கொள்ளும். பிறகு அதை எடுத்துவிட்டு வெற்று டிஸ்க்கைப் போட வேண்டும். இரண்டாவதில் இருப்பதை அழித்து, படித்ததை அதில் எழுதும். எதை எப்போது போட வேண்டும் என்று திரை சொல்லும். போட்டது எது என்று அதற்குத் தெரியாது. தங்கமுத்துவின் கையில் இரண்டு கறுப்பு டிஸ்க்குகள், இரண்டிலும் பெயர் எழுதவில்லை. அவர் மணியனிடம் பேசிக்கொண்டே முதல் டிஸ்க்கைச் செருகினார்.

அது வெற்று டிஸ்க். வசந்தாமணிக்குத் தெரிந்தது. அன்று மாலை அதை ஃபார்மட் செய்து கொடுத்தவளே அவள்தான். அதன் மூலையில் ஒரு சின்ன மடிப்பு இருந்தது.

'ஏனுங்க, மாத்திப் போட்டுட்டீங்க.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. மணியன் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். சொல்லவில்லை. இரண்டாவது டிஸ்க்கைக் கேட்டு மெஷின் நின்றது. அப்போதும் நேரம் இருந்தது. பஸ் டிஸ்க் உள்ளே போனது. ஸ்டிக்கர் இருந்திருந்தால் மெஷின் மறுத்திருக்கும். ஸ்டிக்கர் இல்லை. விளக்கு எரிந்தது, கரகரவென்று சத்தம் கேட்டது, முடிந்தது.

சார் ஃபைல் பட்டியல் கேட்டுப் பார்த்தார். இரண்டு டிஸ்க்கிலும் ஃபைல் இல்லை என்று திரை சொன்னது.

சார் இரண்டையும் மறுபடி போட்டுப் பார்த்தார், அதே பதில்தான்.

"வேற காப்பி இருக்குதுங்களா?" என்றார் சார்.

"அதுக்குத்தானுங்க சார் இப்ப காப்பி எடுத்தேன்" என்றார் தங்கமுத்து. பிறகு சிரித்தார். "பஸ்ஸு போயிருச்சுங்க. ஏறாத ஆளு நாந்தான்."

எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மணியன் பொட்டை உரித்துவிட்டு, தன் தப்புப்போல முகத்தை வைத்துக்கொண்டார். சார் தங்கமுத்துவின் தோளைத் தட்டினார். நடுவிலிருந்து தங்கமுத்து வசந்தாமணியைப் பார்த்துச் சொன்னார். "அம்மிணி, நீங்க சொன்னதுதான் சரி. செயிச்சுட்டீங்க."

அவள் செயித்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை. புரோகிராம் ஓடும்போதும் அவர் பக்கம்தான் கூட்டம், அழிந்தபோதும் அவர் பக்கம்தான் கூட்டம். நாளைக்கு முதலாளியிடம் சார் என்ன சொல்வார் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது: 'பாவம், நல்ல புரோகிராமுங்க, நீங்க பாத்திருக்கோணும்.' ஓடாத பஸ், ஓடிய பஸ்ஸைவிட அழகாகிவிடும். அவள் வருகைப் பதிவு அதன் பக்கத்தில் பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

செருப்புகளை விட்டிருந்த படிக்கட்டுத் தலைப்பில் தங்கமுத்து தனியாக நின்றிருந்தார். அங்கே சிரிப்பு இல்லை. இடது செருப்பில் வலது காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றாள் வசந்தாமணி. "நான் பாத்தேனுங்க."

"எதை?"

"வெறும் டிஸ்க்கை நீங்க மொதல்ல போட்டதை."

அவர் நிமிர்ந்தார். "பாத்துட்டுச் சும்மா இருந்தீங்களா?"

"ஆமாங்க."

"ஏனுங்க அப்படி?"

"உங்க பஸ்ஸைக் கண்டா எனக்கு எரியும்."

தங்கமுத்து மற்ற செருப்பையும் மாற்றியே போட்டுக்கொண்டார். கீழே தெருவில் ஒரு ஆட்டோ திரும்பிப் போனது. "எங்கக்கா ஊட்டுல தங்கி, வெத்தலக் கொடிக்கால் வேலைக்கு டிமிக்கி குடுத்துட்டுப் படிக்க வாரேன்" என்றார். "அப்பனுக்கு என்ன பதில் சொல்றது? எழுதுனது எனக்கே ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்குதுங்க."

"என்ன இருக்குது?"

"அம்புட்டு வரியும். பஸ்ஸு வளையற எடம் நானூத்தி இருவது. ஹாரனுக்கு எழுநூறாவது வரிக்குப் போயிட்டுத் திரும்பும். கரூர் பஸ்ஸுல ஒரு நேரம் தப்பா இருக்குது. அதையும் பாத்தேன், அதையும் சொல்லல."

அவர் அவளை ஒரு புது மெஷினைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எங்கக்கா தெனமும் சொல்லுச்சு, கண்ணு பட்டுக் கெடக்குது, மொளகா சுத்திப் போடறேன்னு. அந்தக் கண்ணு நீங்கதானா?"

"நாந்தானுங்க."

"மன்னிப்புக் கேக்கற மாதிரி தெரியலையே."

"தப்பு பண்ணிட்டேன். ஆனா பஸ்ஸு மேல எரிச்சல் இன்னும் போகல. அது ஓடட்டும். என்னுதும் ஓடட்டும். அப்பறம் முதலாளி யாரை வேணாலும் எடுக்கட்டும்."

"என்னை எடுத்துட்டா?"

"கால் மாறிப் போட்டிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

16-10-1987, வெள்ளி. இன்று செய்த தவறு சிறியதல்ல. அவரிடம் சொல்லிவிட்டேன், சாரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் புரோகிராமைத் திரும்பத் தட்டிக் கொடுப்பது நல்ல மனதால்தானா, இல்லை, இல்லாத பஸ்ஸிடம் தோற்கப் பிடிக்காததாலா என்று எனக்கே தெரியவில்லை. 560-க்கும் 600-க்கும் இடையே ஒரு வரி மட்டும் சந்தேகமாக இருக்கிறது.

நாளை: மில்லில் அரை நாள் லீவு கேட்பது. மதியமே சென்டருக்குப் போய் சாரிடம் நடந்ததைச் சொல்வது. பஸ் புரோகிராமை முதல் வரியிலிருந்து தட்டுவது, கரூர் நேரத்தைத் திருத்துவது. காப்பி எடுத்து, இரண்டு டிஸ்க்கிலும் தங்கமுத்துவின் பெயரை எழுதி, ஸ்டிக்கர் ஒட்டுவது.