வண்டிப்படி

உட்கார நாற்காலி போதவில்லை என்றதும் அப்பா கொட்டகைக்குள் நுழைந்து அந்த மரப்படியை இழுத்துக்கொண்டு வந்தார். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையிலிருந்து கல்லாக இருந்த மகளுக்கு, படியைப் பார்த்ததும்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்பா புற்றுநோய்ப் பரிசோதனை வண்டியின் டிரைவர். தெருத்தெருவாகப் போய்ப் பெண்களுக்கு மார்பகப் படம் எடுக்கும் அரசாங்க வண்டி. ஏறுவதற்கு உயரம் என்று இந்தப் படியை அவரே அடித்துச் செய்தார். வண்டி வருகிற நாளில் பெண்கள் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பார்கள். அம்மாதான் முதல் ஆளாக ஏறுவாள். இறங்கி வந்து, "இதுக்கா இவ்வளவு பயம்? என் மாமியார் கிள்ளுனதே இதைவிட வலிக்கும்" என்பாள். சிரித்துக்கொண்டே மற்றவர்களும் ஏறிவிடுவார்கள். கோடிவீட்டுத் தையல்காரியின் கட்டியை அப்படித்தான் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தார்கள். இதோ, கல்லுக்குண்டு மாதிரி வாசலில் உட்கார்ந்து அழுகிறாள்.

பிறகு அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது. வண்டி பணிமனையில் தூசி படிந்து நிற்கிறது.

அந்த வண்டியில் படம் எடுத்த நர்ஸ் வந்தாள். அப்பா அவளைப் படியில் உட்காரவைத்தார்.

"வருஷம் தவறாம நீதானேம்மா எடுத்தே? அப்பல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?"

அம்மா ஏறியதோடு சரி, ஒரு தடவைகூடப் படம் எடுத்துக்கொண்டதில்லை. ஆஸ்பத்திரியில் மகளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான்னு கணக்குடி. நான் எடுத்தா கடைசியில நிக்கிறவ திரும்பிப் போவா. நம்ம வீட்டு வண்டிதானே, அடுத்த தடவை பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். கட்டி தட்டுப்பட்டப்பவும் வண்டி வரட்டும்னுதான் இருந்தேன். அப்பாகிட்ட மூச்சு விடாதே."

நர்ஸ் மகளைப் பார்த்தாள். மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சுண்ணா."

அப்பா பெருமூச்சு விட்டார். "அப்ப அது யார் கையிலயும் இல்ல." மகளிடம் திரும்பினார். "படம் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டிருந்தியே, அதெல்லாம் வேணாம்மா. எடுத்து மட்டும் என்ன ஆச்சு?"

"அதானே," என்றாள் பக்கத்து வீட்டக்கா. "தவறாம எடுத்தவளுக்கே இப்படின்னா, நாமெல்லாம் எதுக்குப் போகணும்?" சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். எல்லாரும் அம்மா கைப்பிடித்து ஏற்றிவிட்டவர்கள்.

மகளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அம்மா எடுக்கவே இல்லப்பா. ஒரு தடவைகூட."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிப்பாவி," என்றார், மெதுவாக. "அவ்வளவு நேரம் உள்ள என்னடி பண்ணிட்டு இருந்தே?"

"தலை வாரிப்பாங்கண்ணா," என்றாள் நர்ஸ். "உடனே இறங்கினா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு."

அப்பா அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தார். திரும்பாமலே மகளிடம் சொன்னார்: "உன்னை நானே கூட்டிட்டுப் போறேன். கதவுகிட்டயே நிப்பேன்."

பிறகு அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை விரலால் ஒதுக்கி, காதுக்குப் பின்னால் செருகிவிட்டார்.