ஊற்றைச் சுற்றி முப்பது அடி

ஐல்சா சுண்ணாம்பால் போட்ட வட்டம் மழையில் கரைந்துவிட்டது. ஆனாலும் அதற்குள் யாரும் இயந்திரத்தை இறக்கவில்லை. ஊற்றைச் சுற்றி முப்பது அடி. மண்ணைச் சோதிக்கக் கிளாஸ்கோவிலிருந்து வந்த முதல் நாளே ஐல்சா ஊர்க் கூட்டத்தில் கொடுத்த வாக்கு அது.

உண்ணி போக ஆடுகளை மருந்தில் முக்கி எடுத்த பழைய தொட்டி வீடுகள் கட்டப்போகும் அந்த நிலத்தில்தான் இருந்தது. ஐல்சா நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் துளைத்துப் பார்த்து, விஷம் ஏறிய மண்ணையெல்லாம் அள்ளிக் கப்பலில் ஏற்றிவிட்டாள். இனி ஆறு வீடுகள் எழும்பும். ஊற்றை மட்டும் தொடவில்லை. தீவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் நாக்கிலும் மூன்று சொட்டு வைக்கும் தண்ணீர் அது.

"மரியாதை தெரிஞ்ச இன்ஜினியரம்மா" என்று ஊர்க் குழுத் தலைவர் தோர்மோட் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அவர் ஷோனக்கின் சித்தப்பா. அதைக் கேட்கும்போதெல்லாம் ஷோனக் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவளுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். தடை செய்யப்பட்ட பழைய ஆட்டு மருந்துப்பொடி டப்பாக்களை அப்பா ஊற்றுக்கு மேலே மேட்டில், பத்தடி தள்ளிக் குழிக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தார். பாறைக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்துவிட்டார்.

"என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்கலப்பா."

"நல்ல பொண்ணு."

அப்பா செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அவள் இன்னும் நல்ல பெண்ணாகவே இருந்தாள். முதல் வீடு அவளுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒழுகும் கேரவன் வண்டியில் இது நான்காவது குளிர்காலம். மூன்று வாரமே ஆன மகன் ராத்திரியெல்லாம் இருமினான். வாயைத் திறந்தால் வீடு போய்விடும். திறக்காவிட்டால்?

மூத்தவள் கத்ரீனா பிறந்தபோது, ஷோனக் குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஊற்றுத் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள். இந்த முறை முடியவில்லை. அஸ்திவாரம் போடும் நாளும் குழந்தைக்குத் தண்ணீர் வைக்கும் நாளும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று சித்தப்பா முடிவு செய்துவிட்டார். ஊரே ஊற்றடியில் கூடி நின்றது.

"மூக்கப் பாரு, தாத்தா மூக்கேதான்" என்றாள் பெகி, பக்கத்துக் கேரவன்காரி. "மழைய நாலு நாள் முன்னாடியே மோந்துருவான்."

"பேசாம இரு பெகி, புள்ளைக்குக் கண்ணு பட்டுரும்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

சித்தப்பா குனிந்து வெள்ளிக் கரண்டியில் தண்ணீர் எடுத்தார். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். அவர் நெருங்கியதும் ஷோனக் குழந்தையின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"வேணாம் சித்தப்பா."

"கைய எடும்மா."

"தண்ணில விஷம் இருக்கு. மேல அப்பா டப்பாவ பொதச்சிருக்காரு. நான் பாத்தேன்."

பொய் என்று அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. கரண்டி சாய்ந்து தண்ணீர் அவர் சட்டைக் கையில் வழிந்தது.

"முப்பது அடி விடணும்னு கேட்டது நீங்கதானே, ஐயா?" என்றாள் ஐல்சா மெதுவாக.

"குழி வெட்டினது நாந்தான்" என்றார் அவர். "மூணு சொட்டுல என்னம்மா ஆயிடப்போகுது... இத்தன வருசமா யாருக்கு என்ன ஆச்சு?"

ஐல்சா பையிலிருந்து சோதனைப் புட்டியை எடுத்து ஊற்றருகே மண்டியிட்டாள். வட்டத்துக்குள் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். பெகி மட்டும் முன்னால் வந்தாள்.

"கத்ரீனாவுக்குக் குடுத்தியா?"

ஷோனக் பொய் சொல்ல நினைத்தாள். நாக்கு புரளவில்லை.

"குழாத் தண்ணி."

"உன் புள்ளைக்குக் குழாத் தண்ணி. என் மூணுக்கும்? அதுங்களுக்குச் சொட்டு வெச்சப்ப நீயும் பக்கத்துலதானேடி நின்ன?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கடைசி மகனை இழுத்து, முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"வாயத் தொற" என்றாள். அவன் திறந்தான். அவள் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.