ஆண் கூடுகள்

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊர்ப் பன்றிகள் நோயில் செத்தன. கோழிகளையும் அரசு ஆட்கள் வந்து புதைத்துவிட்டுப் போனார்கள். என் கணவர் மிதிங்கா காசநோய் மாத்திரையோடு முப்பத்தெட்டு கிலோவில் கிடந்தார். சுகாதார மையத்துப் பெண் அவரைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினாள்.

"வெறும் சோறும் கீரையும் போட்டா உடம்பு எப்படிக்கா தேறும்? உங்க வீட்டுல கூட்டுப்புழு இருக்குமே. காய்ஞ்சதுல பாதிக்கு மேல புரதம். அதைக் கொடுங்க."

இருந்தது. ஆனால் அது விதை. ஆமணக்கு இலை தின்று வளரும் எங்கள் பட்டுப்புழுவின் விதைக் கூடுகளை, பக்கத்து நான்கு வீட்டுக்கும் சேர்த்து, என் அடுப்புக்கு மேலே மாலை மாலையாகத் தொங்கவிட்டிருந்தோம். பூட்டான் மலையிலிருந்து இறங்கும் குளிருக்கு என் அடுப்படிதான் கதகதப்பு. குளிர் விட்டதும் பூச்சிகள் வெளியே வந்து முட்டையிடும். அந்த முட்டையைத்தான் நான்கு வீடும் பங்கிட்டுக்கொள்ளும். விதையில் யாரும் கை வைப்பதில்லை.

உள்ளங்கையில் வைத்தால் பெண் கூடு கனக்கும். ஆண் கூடு இலேசாக இருக்கும். ஓர் ஆண் பூச்சி இரண்டு பெண்ணுக்குப் போதும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்களில் பாதியை எடுத்தால் என்ன என்று நினைத்தேன்.

கூட்டின் வாயை விரலால் விரித்துத் தட்டினால் புழு வந்து விழும். தொட்டதும் வால் நுனியைச் சுழற்றினால் நல்லது; அசையாததை எறிந்துவிட வேண்டும். வெந்நீரில் அலசி, கடுகெண்ணெயில் இஞ்சி, பச்சை மிளகாய், புளித்த மூங்கில் குருத்தோடு வதக்கினேன். அவர் வாசனைக்கே எழுந்து உட்கார்ந்தார்.

"யாரு கொடுத்தா?"

"அலைஷ்ரி" என்று பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொன்னேன்.

"இந்தக் குளிர்ல அவ வீட்டுல ஏது?"

"வாயை மூடிட்டுத் தின்னுங்க."

"வாயை மூடிட்டு எப்படிடி தின்கிறது?"

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். முப்பத்தெட்டு நாற்பத்திரண்டாயிற்று. பாதியோடு நிறுத்த என்னால் முடியவில்லை. வெறும் கூடுகளை மாலையிலேயே விட்டுவைத்தேன்.

குளிர் விட்டது. பெண் பூச்சிகள் வந்தன. வைக்கோல் கத்தைகளில் தொற்றிக்கொண்டு இறக்கை நடுங்கக் காத்திருந்தன. ஆண்கள் ஒன்பதுதான். ஆண் சேராத முட்டைகள் கருக்கவில்லை, வெளிறியபடியே குழி விழுந்தன.

பங்கு வாங்க வந்த பக்கத்து வீட்டு அலைஷ்ரி முட்டைத் தட்டைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஆம்பளைங்க எல்லாம் எங்க போயிட்டாங்க? கேரளாவுக்கு வேலைக்கா?"

சிரித்துக்கொண்டே ஒரு கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டினாள். பூச்சி வெளியேறிய கூட்டில் அது உரித்த தோல் சலசலக்கும். இன்னொன்றை ஆட்டினாள். சிரிப்பு நின்றது.

"தோலே இல்லையே அண்ணி."

கட்டிலிலிருந்து மிதிங்கா சொன்னார்: "நான்தான் எடுக்கச் சொன்னேன். நாக்கு கேக்கலை."

அந்த நிமிடம் வரை அவருக்கு எதுவும் தெரியாது.

அலைஷ்ரி அவரைப் பார்க்கவில்லை. "கேட்டிருந்தா நாலு வீடும் சேர்ந்தே கொடுத்திருப்போமே அண்ணி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவர் சைக்கிளை எடுத்தார். ஆற்றுக்கு அக்கரையில் அவருடைய அக்கா வீட்டில் முட்டை இருக்கும்.

"நெஞ்சு தாங்காது. நான் போறேன்."

"தின்னவன் நான். நீ உலையை வை."

திரும்பும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. இருந்த ஒரே பிளாஸ்டிக் தாளை முட்டை வைத்திருந்த மூங்கில் குழலுக்குச் சுற்றியிருந்தார். குழலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவருக்குப் பல் கிட்டியிருந்தது. அன்று வந்த காய்ச்சல் எட்டாம் நாள் அவரைக் கொண்டுபோயிற்று.

முட்டைகள் பொரிந்தன. நான்கு வீட்டுக்கும் பங்கிட்டேன். முதல் அறுவடையில் அலைஷ்ரி ஒரு கிண்ணம் வதக்கிக் கொண்டுவந்தாள்.

"தின்னுங்க அண்ணி. எலும்பா இருக்கீங்க. அண்ணன் பண்ணினதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

தின்றேன். எடுக்கச் சொன்னது அவரில்லை என்று அன்றும் சொல்லவில்லை.