ஆறாயிரத்து இருநூறு பேர்

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் எனக்குக் கிடைத்தது. அக்டோபரில் ஒரு ஞாயிறு சாயங்காலம், திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கால்பந்து மைதானத்தின் வாசல். எனக்குக் கால்பந்து தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று இதுவரை இரண்டு பேர் விளக்கியிருக்கிறார்கள், இரண்டும் வேறுவேறு.

பக்கத்தில் பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. உள்ளே போகிறவர்களைப் பார்த்துக் கையிலிருந்த சின்னக் கருவியை அழுத்திக்கொண்டிருந்தாள். இலவச பாஸ் காட்டிப் போனவர்களுக்கு அழுத்தவில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு 'டக்'.

"எதுக்கு எண்ணுறீங்க?"

"எனக்குத் தெரியணும், அதுக்குத்தான்" என்றாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ரசிகர்களின் ஆரவாரம் விண்ணைப் பிளந்தது.' அன்று காலி நாற்காலிகள்தான் அதிகம். அடித்துவிட்டேன்.

அடுத்து: 'பணமும் பந்தைப் போலத்தான், அது உருண்டு' [இதை முடிக்கவே கூச்சமாக இருக்கிறது.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் பெயர் பத்மஜா. கரமனைக்காரி. இருபத்திரண்டு வருஷம் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கிள்ளியாறு எஃப்.சி. என்ற கால்பந்து கிளப்பில் நிதி மேலாளராகச் சேர்ந்தாள். கிளப்பின் முதலாளி தாணுமாலையன். ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். சுசீந்திரத்துப் பக்கத்து மனுஷர். நாலு வருஷத்துக்கு முன் ஆசைப்பட்டு ஆரம்பித்த கிளப், இப்போது மிளகாய் லாபத்தை முழுசாகத் தின்றுகொண்டிருந்தது. ஒரு பங்கை விற்றால்தான் புத்தாண்டைத் தாண்டலாம். பெங்களூரிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. அவர்களுக்குக் காட்ட அடுத்த ஐந்து வருஷத்துக்கான வளர்ச்சி அறிக்கை வேண்டும். அதை எழுதவேண்டியவள் பத்மஜா.

3

கொஞ்சம் கணக்கு. தாண்டிப் போகிறவர்கள் போகலாம். ஆனால் கதையின் வில்லன் இங்கேதான் வருகிறான், ஓர் எண்ணாக.

கிளப் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, ஓர் ஆட்டத்துக்குச் சராசரி ஆறாயிரத்து இருநூறு பேர் என்று. ஐந்து ஆட்டங்கள் வாசலில் நின்று எண்ணியதில், காசு கொடுத்து வந்தவர்கள் சராசரி ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். ஆக, இரண்டே முக்கால் லட்சம். மைதான வாடகை நாலு லட்சம். பந்தை உதைப்பதற்கு முன்னாலேயே ஒன்றேகால் லட்சம் நஷ்டம். சம்பளத்தில் பத்துக்கு நாலு பங்கு இரண்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குப் போனது. நாலு வருஷத்தில் வந்த ஒரே பெரிய வரவு, பொழியூர்க் கடற்கரையில் ஆறு லட்சம் செலவழித்து வளர்த்தெடுத்த லிஜோ என்ற ஆட்டக்காரனை வடக்கே ஒரு கிளப்புக்கு எண்பது லட்சத்துக்குக் கைமாற்றியது.*

(* இந்த லீக்கில் ஆட்டக்காரர்களை 'சொத்து' என்றுதான் எழுதுவார்களாம். பத்மஜா தன் அறிக்கையில் பெயரையே எழுதினாள்.)

அவளுக்கு வழி தெரிந்துதான் இருந்தது. மூவாயிரம் பேர் உட்காரும் கல்லூரி மைதானம், முப்பதாயிரம் வாடகை. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வேண்டாம். பொழியூரிலும் விழிஞ்ஞத்திலும் பயிற்சி முகாம். நாலாவது வருஷம் லாபம். ஆனால் அந்தக் கணக்கின் முதல் வரியே ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுதான்.

4

பெங்களூர் நிறுவனத்தின் ஆள் வருகிற அன்று காலையில் அறிக்கையைத் தாணுமாலையனிடம் கொடுத்தாள். மிளகாய்க் கடையின் மாடி. அவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"டீச்சரே, இது கணக்கா, ஒப்பாரியா?"

"கணக்குதான் சார்."

"ஆறாயிரத்து எருநூறுன்னு மாத்துங்க. அஞ்சு வருசத்துல பதினஞ்சாயிரம்னு போடுங்க. எல்லாவனும் அப்பிடித்தானே போடுகான்?"

"மாத்தித் தரேன் சார். கையெழுத்து மட்டும் நீங்க போட்டுக்கோங்கோ."

அவர் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டார். அவள் கீழே இறங்கி வந்து மூட்டைகளுக்கு நடுவே நின்றாள். அன்று காலையில்தான் சுடலைக்கண்ணு கேட்டிருந்தார். வள்ளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, இப்போது மைதானத்தில் புல் பராமரிக்கிறவர். "டீச்சர், மகளுக்கு ஃபீஸ் கெட்டணும். ஜனவரி சம்பளம் உண்டுமா?" அவரையும் சேர்த்துக் கிளப் சம்பளத்தை நம்பி நாற்பத்தேழு பேர். தன் ஒரு கையெழுத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நாற்பத்தேழு வீட்டு அடுப்பை அணைக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

5

[இங்கே தாணுமாலையனைக் கெட்டவராக்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தங்க மோதிரம், உருட்டும் விழி எல்லாம் இருந்தது. அடுத்த பகுதியை எழுதியபோது அந்த ஆள் அதற்குள் பொருந்தவே மாட்டேன் என்றார். இரண்டு பக்கமும் போயிற்று.]

6

வந்தவள் பெயர் ஆதிரா. நெய்யாற்றின்கரையில் பிறந்த பெண்; தமிழ் மலையாளச் சாய்வில் வந்தது. மாடிக்கு வந்து உட்கார்ந்ததுமே மிளகாய் நெடியில் தும்மத் தொடங்கினாள். தும்மலுக்கு நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆவரேஜ் எத்தர பேர் வருவாங்க, சார்?"

என் முதல் வரைவில் இந்த இடத்தில் பத்மஜா எழுந்து நின்று கணீரென்று உண்மையைச் சொன்னாள். வரைவைப் படிக்கக் கொடுத்தேன். அவள் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

"நான் வாயே தெறக்கலை. அவர்தான் சொன்னார். அதைப் பறிச்சு எனக்குக் குடுக்காதீங்கோ."

ஆகவே நடந்தது இதுதான். தாணுமாலையன் ஜன்னலைப் பார்த்தார். பத்மஜாவைப் பார்த்தார்.

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது" என்றார். "பாக்கி நாலாயிரத்துச் சொச்சம் பேரு, நான் பாஸ் குடுத்துக் கூட்டியாந்த ஆளுக. நாலு வருசமா அம்புட்டுப் பேரையும் நான் ஒருத்தன் சொமந்திருக்கேன், பிள்ளே."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது என்றாள் பத்மஜா. அவளுக்கும் அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது.

(ஏன் சொன்னீர்கள் என்று பிறகு நானே அவரிடம் கேட்டேன். "அந்தப் பிள்ளைக்குத் தும்மல் நிக்கவே இல்ல. தும்முகவகிட்டப் பொய் சொல்ல வரல்ல" என்றார். இதைவிட நல்ல காரணம் எனக்கும் அமையவில்லை.)

ஆதிரா இரண்டு மணி நேரம் பத்மஜாவின் மாற்றாத அறிக்கையைப் படித்தாள். மூன்று சாயா வந்தது. கிளம்பும்போது சொன்னாள்: "பதினஞ்சாயிரம்னு எழுதின ரிப்போர்ட் பதினொண்ணு என் மேசையில கெடக்கு. இதை நான் மேலே கொண்டுபோறேன். உறப்பாச் சொல்ல முடியாது. வியாழக்கிழமை அறியிக்கலாம்."

அவள் போனதும் தாணுமாலையன் கடை ஆளைக் கூப்பிட்டு, இனிமேல் பாஸ் அச்சடிக்க வேண்டாம் என்றார். பத்மஜா அங்கேயே காகிதத்தை எடுத்துக் கூட்டினாள். வாடகை மிச்சமாகும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, அதுவும் மிச்சம். யாரும் முதலீடு செய்யாவிட்டாலும் புத்தாண்டுக்குப் பிறகு மூன்று மாதம் ஓடும்.

மைதானத்துக்குப் போய்ச் சுடலைக்கண்ணுவிடம், "மார்ச் வரைக்கும் உண்டு. அதுக்கப்புறம் எனக்கே தெரியாது" என்றாள்.

"மார்ச்சுல மகளுக்குப் பரீட்சையே முடிஞ்சிரும் டீச்சர். போதும்" என்று புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.

7

முடிவு அ: பெங்களூர் சரி என்கிறது. கல்லூரி மைதானத்தில் டிக்கெட்டுக்கு வரிசை நிற்கிறது. லிஜோவைப் போல இன்னும் நாலு பேர்.

முடிவு ஆ: பெங்களூர் வேண்டாம் என்கிறது. ஏப்ரலில் தாணுமாலையன் கிளப்பை

[விட்டுவிட்டேன். இரண்டையும் என்னால் எழுத முடியும். இரண்டும் நடக்கக்கூடியவை. எதை எழுதினாலும் வாசலில் நிற்காமலே கூட்டத்தை எண்ணினவன் ஆகிவிடுவேன்.]

வியாழக்கிழமை என்ன ஆயிற்று என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தது புதன்கிழமை மட்டும். அன்று பத்மஜா லீவு போட்டாள்; பதினாலு மாதத்தில் முதல் லீவு. காலைச் சாப்பாடு முடிந்ததும் படுத்தவள் மூன்று மணிக்குத்தான் எழுந்தாள். வெளியே மழை. கொடியில் போட்ட துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கணவர் வெங்கிடேஷ் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எடுக்க மறந்துட்டேன்டி. கோவமா?"

"நனையட்டுமே" என்று சிரித்தாள். "காப்பி இருக்கா?"

வியாழக்கிழமையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். புதன்கிழமையை மட்டும் தொடாதீர்கள்.