ஆர்ன்ஸ்டோர்ஃப் வீட்டுத் தோல்

குளிர்காலச் சாவுகளில் எங்கள் குடும்பத்தார் யாரும் குழி வரை போவதில்லை. கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலய வாசலிலேயே நின்றுவிடுவோம். அடக்கம் முடிந்து நடக்கும் காபி விருந்திலும் உட்காராமல் வண்டியேறிவிடுவோம். என் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். பெர்லினில் எங்கள் தெருக்காரர்கள் இதைத் திமிர் என்றார்கள். நாங்கள் மறுக்கவில்லை. ஆர்ன்ஸ்டோர்ஃப் குடும்பத்தைத் திமிர் பிடித்தது என்று சொல்லலாம், நோய் பிடித்தது என்று சொல்லக் கூடாது.

உண்மையில் குளிர்காற்று பட்ட ஒரு மணி நேரத்தில் எங்கள் உடம்பெங்கும் சிவந்த தடிப்புகள் எழும்பும். மூட்டு வலிக்கும், காய்ச்சல் அடிக்கும். மறுநாள் சுவடே இருக்காது. என் அம்மாவுக்கு இருந்தது. எனக்கும் என் மகள் வீப்கெவுக்கும் இருக்கிறது. வெளியே மூச்சு விட்டதில்லை.

என் கணவர் ஓட்மாருக்கு மட்டும் இது வேடிக்கை. புற்றுநோய் முற்றி, இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று ஆன பிறகும் அவர் கேலியை விடவில்லை.

"ஏன் அடெல், என்னைக் கொண்டு போறப்பவாவது குழி வரைக்கும் வருவியா, இல்ல வாசல்லயே டாட்டாவா?"

"வாயை மூடுங்க, ஓட்மார்."

"ஒரு பிடி மண்ணு உன் கையால விழணும். வேற எதுவும் கேக்கல."

அவர் முகத்தில் அப்போது கேலி இல்லை.

வீப்கெதான் என்னைத் தோல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே டாக்டர் துன்ச்செர் என்ற பெண்மணி எங்கள் இருவர் இரத்தத்தையும் கேட்டார்.

"எங்க வம்சத்து ரத்தத்துல குறைன்னு எழுதி வைக்கவா?" என்றேன்.

"குறை இல்லைங்க. எல்லார் உடம்புலயும் ஒரு காவக்காரன் இருக்கான். கிருமி வந்தா மணியடிப்பான். உங்க ஆளு காத்து வந்தாலே அடிச்சுடறான்."

"எங்க வீட்டு ஆளு இல்லையா, அப்படித்தான் இருப்பான்" என்றாள் வீப்கெ. நான் முறைத்தேன். ஆனால் கையை நீட்டினேன்.

முடிவு வந்த அன்று டாக்டர் திரையில் இரண்டு வரிகளைக் காட்டினார். ஒன்று நான், மற்றது வீப்கெ. மரபணுத் தொகுப்பின் முந்நூறு கோடி எழுத்துகளில் ஓர் எழுத்து, இருவருக்கும் அதே இடத்தில், மாறியிருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அம்மா சன்னல்களை அடைத்துக்கொண்டு கிடந்ததும், தாத்தா வாசலில் நின்றதும், எங்கள் திமிரும் அந்த ஓர் எழுத்துதான். பேராலயத்தில்கூட என் தலை அப்படித் தாழ்ந்ததில்லை.

மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்ளும் மருந்து ஒன்று இருக்கிறதாம். ஊசி போட்டார்கள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. குளிர் பட்டாத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

பரீட்சித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அந்த வாரமே ஓட்மார் போய்விட்டார்.

சிற்றாலய வாசலில் நான் நிற்கவில்லை. நடந்தேன். தலைகள் திரும்பின. குழியோரம் கையுறையைக் கழற்றி, உறைந்த மண்ணை வெறும் கையால் அள்ளிப் போட்டேன். காற்று எலும்பு வரை இறங்கியது. ஆனால் எங்கள் தடிப்பு உடனே வருவதில்லை. காபி மேசையில்தான் வரும், ஊரார் முன்னால். அங்கும் போய் உட்கார்ந்தேன்.

"அடடா, ஆர்ன்ஸ்டோர்ஃப் அம்மா எங்களோட காபி குடிக்கறாங்களா!" என்றாள் எதிர்வீட்டு லூடெக்கெ. "கூரை விழப்போகுது."

"விழறதுக்குள்ள கேக்கை இப்படித் தள்ளு."

வீப்கெ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. நான் கைப்பொத்தானை அவிழ்த்து, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினேன். கிழட்டுத் தோல், நீல நரம்பு, நகக்கண்ணில் ஓட்மாரின் மண்.

"அம்மா, மூடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

லூடெக்கெ எட்டிப் பார்த்தாள். "கையில என்ன?"

"ஒண்ணுமில்லை" என்றேன். "அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."