கிட்ட நிற்கிற கப்பல்

பிரேதப் பெட்டியைத் தூக்கப்போகிற நேரத்தில் யோகம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் போனைக் கீர்த்திகனின் கையில் திணித்தார்.

"தம்பி, இதைப் பிடி. ஐயா இருந்த கதிரைக்குக் கீழை கிடந்தது. ஆளாளுக்கு மிதிச்சுப் போடுவினம்."

மூன்று நாளைக்கு முதல், விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பாவை முதலில் கண்டவர் இந்தப் பக்கத்து வீட்டு யோகம்மாதான். தில்லைநாதன் கதிரையில் இருந்தபடியே போயிருந்தார். கீர்த்திகனின் கப்பல் கொழும்பைத் தொட்டு, அவன் சரவணைக் கிராமத்துக்கு வந்து சேரும்வரை பெட்டி காத்திருந்தது. தலை முழுகிய ஈர வேட்டியோடு நின்றவனுக்குப் பொக்கற் ஏது? போனை இடுப்பில் செருகிக்கொண்டு கொள்ளிக்குடத்தைத் தூக்கினான். மயானத்தில் குடத்தோடு சுற்றி வரும்போதெல்லாம் அது இடுப்பெலும்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

தில்லைநாதன் ஒருவரையும் கரைச்சல்படுத்தாத மனிதர். சாப்பிட இருந்தால் உப்புக் கேட்பதற்கே இரண்டு மூன்று தரம் செருமுவார். அந்தச் செருமலை வைத்தே அம்மா உப்பா, தண்ணீரா என்று கண்டுபிடித்துவிடுவாள். அம்மா போனபிறகு அந்த வீட்டில் செருமலுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போய்விட்டது.

அதனால்தான் போன லீவில் கீர்த்திகன் ஒரு வேலை செய்தான். அவன் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. கப்பலில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்தில் அதை அமத்தினால் சுற்றி நிற்கிற கப்பல்கள் எல்லாவற்றிலும் மணி அடிக்கும். அதே மாதிரி அப்பாவின் போனில் ஒரு சிவப்புப் படம் வைத்துக் கொடுத்தான். தொட்டால் மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றாக மணி அடிக்கும்: வேலணையில் அக்கா நிலாந்திக்கு, கனடாவில் தங்கை மேனுகாவுக்கு, கடலில் கப்பலின் வைஃபைக்குள் அவனுக்கு.

"மூண்டு பேரிலை ஒராள் எடுப்பம் அப்பா."

"கை தவறி அமத்துப்பட்டால்?"

"உடனை எல்லாருக்கும் சொல்லிப்போட வேணும், ஒண்டும் இல்லை, பிழையா அமத்துப்பட்டது எண்டு. கப்பலிலை அதுதான் சட்டம். இல்லாட்டி எல்லாரும் வேலை மினக்கெட்டு ஓடி வருவினம்."

தில்லைநாதனுக்கு அந்தச் சட்டம் நன்றாகப் பிடித்துப்போனது.

மயானத்திலிருந்து வந்து குளித்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வந்த சனமும் கலைந்துவிட்டது. கிணற்றடியில் இருந்த தம்பிக்கு நிலாந்தி பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, அண்டைக்கு மத்தியானம் அப்பா எடுக்கேக்கை உங்கடை போன் அடிச்சதோ?"

"அடிச்சது. தலையிலை சம்பூ. நீ எடுப்பாய் எண்டு நினைச்சன். துடைச்சுப்போட்டு வந்து பாத்தால், அப்பா வொய்ஸ் விட்டிருக்கிறார், பிழையா அமத்துப்பட்டது எண்டு. சிரிச்சுப்போட்டு உலை வைச்சனான்ரா."

"மேனுகா?"

"அவளுக்கு அங்கை நடுச்சாமம். நான் கிட்ட இருக்கிறன்தானே எண்டு திரும்பிப் படுத்திட்டாளாம்."

நீ ஏன் எடுக்கவில்லை என்று அக்கா திருப்பிக் கேட்கவில்லை. வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

கேட்டிருந்தால் அவனும் சட்டத்தைத்தான் சொல்லியிருப்பான். நடுக்கடலில் ரேடியோவின் பதினாறாம் சனல், ஆபத்துக் குரல் வருகிற சனல், எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. தூரத்தில் யாராவது உதவி கேட்டால் உடனே முந்திக்கொண்டு பதில் சொல்லவும் கூடாது. கிட்ட நிற்கிற கப்பல் முதலில் பேசட்டும் என்று கொஞ்சம் பொறுக்க வேண்டும். அன்று மத்தியானம் அவனது காவல். யாரோ தெரியாதவர்களுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவனின் பக்கத்தில் போன் அதிர்ந்தது. அக்கா கிட்டத்தானே நிற்கிறாள் என்று பொறுத்தான். போன் ஓய்ந்தது.

சட்டத்தில் அடுத்த வரி ஒன்று உண்டு. கப்பலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக் கொடுப்பது. ஒருவரும் பதில் சொல்லாவிட்டால், எவ்வளவு தூரத்தில் நின்றாலும் நீ சொல்ல வேண்டும்.

அதற்குள் அப்பாவின் குரல் வந்துவிட்டது.

மயானத்திலிருந்து வந்த உடனே சார்ஜில் போட்டு வைத்த அப்பாவின் போனை இப்போது போய் எடுத்துவந்து, அந்தக் குரலை மறுபடி போட்டான். "பிள்ளையள், ஒண்டும் இல்லை. கை தவறி அமத்துப்பட்டுப் போச்சு. நீங்கள் வேலையைப் பாருங்கோ." கப்பலில் எஞ்சின் இரைச்சலுக்குள் இவ்வளவும்தான் கேட்டது. இங்கே அந்த இரைச்சல் இல்லை. பேச்சுக்கு முன்னால் அப்பா செருமினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் செருமினார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, பிள்ளையள் என்றார்.

அப்பா ஏதோ கேட்க வந்திருக்கிறார். கேட்காமல் விட்டுவிட்டார்.

அன்றைக்கு மணி எப்படி அடித்திருக்கும் என்று அவனுக்கு அறிய வேண்டும் போல இருந்தது. கப்பலில் எதையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துப் பழகிய கை. சிவப்புப் படத்தைத் தொட்டான்.

அவனது சேர்ட் பொக்கற் அதிர்ந்தது. குசினிக்குள் ஒரு மணி அடித்தது, இரண்டாவது அடிக்கும் முன்பே எடுபட்டது.

"அப்பா?"

நிலாந்தியின் குரல். அது முடிவதற்குள் கனடாவிலிருந்து, "அப்பா! அப்பா!" என்று மேனுகா.

பிறகு இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. நிலாந்தி போனைக் காதில் வைத்தபடியே குசினி வாசலுக்கு வந்தாள். கிணற்றடியில் தம்பி நிற்பதையும் அவன் கையில் அப்பாவின் போன் இருப்பதையும் கண்டாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பிழையாக அமத்திவிட்டேன் என்று உடனே சொல்ல வேண்டும். ஒண்டும் இல்லை என்பது கீர்த்திகனுக்கு வாய்வரைக்கும் வந்தது. அவன் செருமினான்.

"கேக்குது அண்ணா," என்றாள் மேனுகா. "சொல்லுங்கோ. நாங்கள் வைக்க மாட்டம்."

கீர்த்திகன் இன்னொரு தரம் செருமினான்.