பனியன் கை காட்டிய பக்கம்

கலைமகள் வீட்டுக் கட்டிங் மேசையில் வெட்டிய பனியன்கள், எந்த நாட்டுக்குப் போய் எந்தக் கொக்கியில் தொங்கினாலும், இரண்டு கைகளையும் திருப்பூர்ப் பக்கமாகவே நீட்டிக்கொண்டு நின்றன. ஹாம்பர்க்கில் நீட்டின, யோக்கஹாமாவில் நீட்டின. காசாபிளாங்காவில் ஒரு கடைக்காரர் கைகளை மடித்துக் குண்டூசி குத்திவிட்டுப் போனார். காலையில் ஊசி தரையில் கிடந்தது. மற்றபடி சரக்கில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அளவு சுத்தம், தையல் சுத்தம், சாயமும் போகவில்லை. துறைமுகத்தில் கதிர்வீச்சு பார்க்கிற கருவிகள் மட்டும் அந்தப் பெட்டிகளைக் கண்டதும் அலறின.

எல்லாம் ஒரு வெயிட்டால் வந்த வினை. சாமளாபுரம் போகிற ரோட்டில் வீட்டை ஒட்டியே ஒரு தகர ஷெட். அதில் கலைமகளின் கணவர் முருகேஷ் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி வெட்டும்போது அடுக்கு நகராமலிருக்க மேலே ஏதாவது கனமாக வைக்க வேண்டும். பல்லடத்துப் பழைய இரும்புக் கடையில் அவருக்கு உள்ளங்கை அகலத்தில் ஓர் உலோக உருளை கிடைத்தது. அளவுக்குத்தான் சின்னது, கனத்துக்கு ஆட்டுக்கல். மூடிப்போன ஏதோ ஓர் ஆலையில், குழாய்களின் வெல்டிங்கைக் கதிர் பாய்ச்சிச் சோதிக்கிற கருவிக்குள் இருந்தது அது. மேலே இருந்த மஞ்சள் அபாயக் குறியைக் கடைக்காரர் பளபளப்புக்காகத் தேய்த்து எடுத்திருந்தார், மகராசன். அது வந்த நாளிலிருந்து துணி மயிரிழை நகரவில்லை. ஷெட்டுக் கூரையில் காக்கை உட்காரவில்லை. காலையில் மேசையில் வைத்த டீ மத்தியானம் வரை ஆறவில்லை. முருகேஷுக்கு அத்தனை பெருமை. வலது கையில் மெஷினை ஓட்டிக்கொண்டு, இடது கையால் அதை அழுத்திப் பிடித்தே ஒரு வருசம் வெட்டினார்.

பிறகு இடது கை சிவந்தது, நகங்கள் கறுத்தன. கலைமகள் கெஞ்சிப் பார்த்தாள்.

"அந்தச் சனியனத் தூக்கி வீசிப்போடுங்க. அது வந்ததுல இருந்துதான் உங்க கை இப்பிடி ஆச்சு."

"மெஷின் சூடு புள்ள. இதைய வீசிப்போட்டு உன் தலையவா வெக்கட்டும்?"

பனியன் போய்ச் சேர்ந்த மூன்று நாட்டு அதிகாரிகளுக்கும் விசயம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் ஒரு பனியனுக்குத் திசைதான் தெரியும், இடம் தெரியாது. திசைகளை ஒரே வரைபடத்தில் கோடு போட்டால்தான் இடம் கிடைக்கும். அவர்களோ ஆளுக்கொரு திசையைப் பூட்டி வைத்துக்கொண்டு, அடுத்தவனிடம் காட்டினால் தன் ரகசியம் போய்விடும் என்று ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அந்த மழைக்காலத்தில்தான் முருகேஷின் விரல்கள் வெந்தன. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர்களுக்கு முன்னால் ஒருவன் வந்தான். கையில் ஒரே ஒரு பனியன். அது நீட்டிய பக்கமே ஊர் ஊராகக் கார் ஓட்டி ஷெட்டு வாசலுக்கு வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. வெயிட்டுக்கு என்ன விலை சொன்னாலும் தருவதாகச் சொன்னான். கலைமகளுக்கு விலையே வேண்டாம். பீடை ஒழிந்தால் போதும், கணவரின் கை பிழைத்தால் போதும் என்று தலையாட்டிவிட்டாள். அவன் டிக்கியிலிருந்து ஓர் ஈயப் பெட்டியை இறக்கித் திறந்து வைத்து, எட்டிப் போய் நின்றுகொண்டான்.

"உங்க வீட்டுக்காரரையே எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றான்.

தெரிந்தே சொல்கிறான் என்று கலைமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. இது கையை என்ன செய்யும் என்று தெரிந்தவன், இதை எங்கே கொண்டுபோய் யார் நடுவில் திறப்பானோ? அன்று ஆயுத பூஜை. வெயிட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகியிருந்தது.

"பூசை போட்ட சாமானமுங்க. நாளைக்கு மறுபூசை முடியாம எடுக்கறதில்லீங்க" என்றாள்.

அவன் முகம் சுளித்துவிட்டு, நாளை வருவதாகச் சொல்லிப் போனான். நல்லவேளை, அந்த வாரம்தான் மூன்று நாடுகளும் டில்லிக்காரர்களைக் கூட்டிவைத்துக் கோடுகளைச் சேர்த்திருந்தன. விடிந்ததும் வேன்கள் வந்தன. வந்தவர்கள் முதலில் வீட்டு ஆட்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். பிறகு தாங்களே நீண்ட இடுக்கியால் வெயிட்டை எடுத்தார்கள். ஈயப் பெட்டிக்காரன் தெரு முனை வரை வந்து, வேன்களைப் பார்த்துவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டான். அவன் பிடிபடவில்லை.

வெயிட் வடக்கே எங்கேயோ பூமிக்கடியில் போயிற்று. எந்த ஊர் என்று சொல்லவில்லை. பனியன்களின் வலது கைகள் அந்தப் பக்கம் திரும்பின. இடது கைகள் மட்டும் திருப்பூரையே காட்டின. மறுபடியும் கோடு போட்டுப் பார்த்தார்கள். கோடுகள் முருகேஷ் படுத்திருந்த கட்டிலில் வந்து கூடின. கதிர் பட்ட உடம்பு கதிர் வீசாது என்று டாக்டர்கள் எழுதியே கொடுத்தார்கள். பனியன்கள் அதைப் படிக்கவில்லை.

அப்புறம் அதுவே நடைமுறையாகிவிட்டது. ஹாம்பர்க்கிலும் யோக்கஹாமாவிலும் காசாபிளாங்காவிலும் ஆளுக்கொரு பனியனைத் தொங்கவிட்டுக் காலையில் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். கலைமகளும் ஒன்றைத் தொங்கவிட்டாள். வலது கை அசைந்தால் யாரோ வெயிட்டை எடுக்கிறார்கள் என்று அர்த்தம். இடது கை அசைந்தால் முருகேஷ் டீக்கடைக்குப் போகிறார். மூன்று விரல் போன கையோடு அவர் கணியூர்ச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் வரத் தாமதமானபோது, காசாபிளாங்கா அதிகாரியம்மாவுக்கு இவள் போன் போட்டு, ஆள் எங்கே வருகிறார் என்று கேட்டிருக்கிறாள். அந்தம்மா இதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டது, அதுவும் கலைமகள் பேசுகிற தமிழ்.

தை மாதம் ஒரு காலையில் கலைமகள் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது பனியனின் இடது கை தொங்கிப்போனது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு முருகேஷின் கட்டிலுக்குப் போவதற்குள் போன் அடித்தது.

"பாத்தீங்களா, அக்கா?" இன்னும் விடியாத காசாபிளாங்காவில் அந்தம்மா அழுதுகொண்டிருந்தது.

"பாத்தேனுங்க."

கலைமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பனியனைப் பார்த்தாள்.

"வலது கை அப்பிடியேதான் இருக்குதுங்க" என்றாள். "நாளைக்கும் பாத்துச் சொல்றனுங்க."